பிரிட்டிஷ் பிரபு ஒருத்தரோட வாழ்க்கையைத் தேடிப் படிக்கறது எப்படி? பக்கிங்காம் டியூக்கை வெச்சே பாப்போம்

சென்னைக்காரங்க தினமும் தாண்டிப் போற பக்கிங்காம் கால்வாய்க்கு பேர் குடுத்தவர் யாருன்னு தேட ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல தலை சுத்திடும், ஏன்னா ஒரே ஆளுக்கு வயசு ஏற ஏற பேர் மாறிக்கிட்டே இருக்கு. அதனால முதல்ல ஒரு பேப்பர் எடுத்து எந்த வருஷம் என்ன பேர்னு எழுதிக்கோங்க. இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க.

ஏர்ல், மார்க்விஸ், டியூக் இதெல்லாம் கீழேர்ந்து மேல போற பிரபுப் பட்டங்க. 1823ல பொறந்தப்போ இவர் ஏர்ல் டெம்பிள். 1839ல தாத்தா இறந்து அப்பா டியூக் ஆனதும் இவர் மார்க்விஸ் ஆஃப் சாண்டோஸ். 1861ல அப்பாவும் போனப்புறம் மூணாவது டியூக் ஆஃப் பக்கிங்காம் அண்ட் சாண்டோஸ். இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. 1839க்கு முன்னாடி சாண்டோஸ்ங்கற பேரு அப்பாவோடது. 1832 சீர்திருத்தச் சட்டத்துல வருஷம் 50 பவுண்டு குத்தகை கட்டற விவசாயிக்கும் ஓட்டு குடுத்தாங்களே, அந்த சாண்டோஸ் பிரிவு அப்பா கொண்டுவந்தது, அப்போ மகனுக்கு வயசு 8.

அடுத்து எந்த சபைன்னு பாருங்க. அப்பா உயிரோட இருக்கறப்போ வாரிசுக்கு வர்ற பட்டம் வெறும் மரியாதைக்குத்தான், அதை வெச்சுக்கிட்டே மக்கள் சபைக்கு நிக்கலாம். இவரும் 1846லேர்ந்து 1857 வரைக்கும் பக்கிங்காம் தொகுதி எம்.பி., 1859ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியில கிளாட்ஸ்டோனை எதிர்த்து நின்னு தோத்தார், டியூக் ஆனப்புறம் பிரபுக்கள் சபை. நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹான்சார்டு இப்ப நெட்ல இலவசமா கிடைக்குது, ஆனா 1861க்கு முன்னாடி பேசினதைப் படிக்கணும்னா சாண்டோஸ்னுதான் தேடணும்.

என்னைக் கேட்டா பட்டத்தை விட பணக் கணக்கைத்தான் நல்லா தோண்டிப் பாக்கணும், ஆளு எப்படிப்பட்டவர்னு அங்கதான் தெரியும். பெரிய குடும்பங்கள்ல நிலத்தை ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம், விக்கணும்னா மேஜரான வாரிசோட சம்மதம் வேணும். 1844ல 21 வயசு ஆனதும் அப்பாவோட கடனுக்காக இவர் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டார். அந்த அப்பா 1845 ஜனவரியில விக்டோரியா ராணியை குடும்ப வீடான ஸ்டோவ் மாளிகைக்கு வரவழைச்சு காசைத் தண்ணியா செலவழிச்சார், கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டி 1848ல வீட்டுச் சாமான் மொத்தமும் 40 நாள் ஏலம் போச்சு. மிச்சம் மீதியைக் கட்டிக் காப்பாத்தினது மகன்தான். 1853லேர்ந்து 1861 வரைக்கும் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேக்கு சேர்மனா உக்காந்து உழைச்சிருக்கார், எனக்கு இந்த மனுஷன் மேல மரியாதை வந்ததே இந்த இடத்துலதான்.

பதவித் தேதியையும் சட்டத் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. 1867 ஜூலை 1ல கனடா உருவானப்போ காலனித்துறை அமைச்சர் இவர்தான், ஆனா கனடாவை உருவாக்கின மசோதாவைத் தயார் பண்ணிக் கொண்டுவந்தது இவருக்கு முன்னாடி இருந்த கார்னர்வன்.

1875லேர்ந்து 1880 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர், அதாவது தாது வருஷப் பஞ்சம் முழுக்க இவர் காலம். இங்க இன்னொரு பேர்க் குழப்பம் வரும். இவர் முழுப்பேர்ல ரிச்சர்டும் இருக்கு டெம்பிளும் இருக்கு, ஆனா வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வந்து நிவாரண வேலைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு எடை (அரைக் கிலோவுக்கும் குறைவு) தானியம் போதும்னு குறைச்ச சர் ரிச்சர்டு டெம்பிள் வேற ஆள். அந்தக் குறைஞ்ச கூலியை மெட்ராஸ் அரசு எதிர்த்துச்சு. யார் பேர்ல எந்த முடிவுன்னு மாத்திப் போட்டா பஞ்சத்துல செத்தவங்களுக்கே அநியாயம் பண்ற மாதிரி, அதனால ரெண்டு தடவை சரி பாருங்க. அடையாறையும் கூவத்தையும் இணைச்சு கால்வாய் வெட்டினது அந்தப் பஞ்ச நிவாரண வேலையிலதான்.

கடைசியா, பட்டம் யாருக்குப் போச்சுன்னு ஒவ்வொண்ணா தனியா பாக்கணும். 1889ல இவர் இறந்தப்போ மூணு பொண்ணுங்க, பையன் இல்ல, அதனால டியூக் பட்டம் அதோட முடிஞ்சது. ஏர்ல் டெம்பிள் ஆஃப் ஸ்டோவ் பட்டம் அக்கா தங்கை வழி மருமகனுக்கு, ஸ்காட்லாந்து கின்லாஸ் பட்டம் மூத்த பொண்ணு மேரிக்கு. குடும்பக் காகிதங்க இப்ப இருக்கறது இங்கிலாந்துல இல்ல, கலிஃபோர்னியாவுல ஹண்டிங்டன் நூலகத்துல. ஸ்டோவ் மாளிகை 1923லேர்ந்து பள்ளிக்கூடம்.