மீன் சதையை முள்ளிலிருந்து பிரிக்க எந்தக் கத்தி வாங்குவது?

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மீன் ஆய்வதற்கு நெடுங்காலம் ஒரே ஒரு கருவிதான் இருந்தது. அது அப்பாயியின் அரிவாள்மனை. விரால் வந்தால் அடுப்புச் சாம்பலைத் தொட்டு வழுக்காமல் பிடித்து, இரண்டு கையாலும் மீனை அலகுக்கு நேரே கொண்டுபோய் அவர் துண்டு போடும் அழகு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. குழம்புக்குக் குறுக்குவாட்டில் துண்டு போட அதைவிடச் சிறந்த கருவி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் வீட்டில் சிறு குழந்தையோ கண் மங்கிய பெரியவரோ இருந்தால், முள்ளே இல்லாத சதை வேண்டியிருக்கிறது. கடைகளில் ஃபில்லெட் என்று எழுதி விற்கும் அந்த நீளவாட்டுச் சதைப்பாளத்தை எடுப்பதற்கு அரிவாள்மனை பொருந்தாது. அதன் அலகு அகலமானது, தடித்தது, நின்ற இடத்தில் நிற்பது. பாளம் எடுக்கும்போதோ மீன் பலகையில் படுத்திருக்க, கத்திதான் முதுகெலும்பின் மேடு பள்ளங்களை ஒட்டி ஊர்ந்து போக வேண்டும். அந்த வேலைக்கு முதன்முதலாகக் கத்தி வாங்கப் போகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இதை எழுதுகிறேன். முள் எங்கே இருக்கிறது என்பதைக் கத்தி கைக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் அளவுகோல். கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவைதான்.

முதல் படி: எந்த மீன் வீட்டுக்கு வருகிறது என்று பாருங்கள்

கத்திக் கடைக்குப் போகும் முன் மீன் கூடையைப் பார்க்க வேண்டும். நம் டெல்டாவில் இரண்டு தண்ணீர் மீனும் வீட்டுக்கு வரும். நாகப்பட்டினம், பழையாறு, தரங்கம்பாடி, மல்லிப்பட்டினம் பக்கங்களிலிருந்து கடல் மீன் வருகிறது. விசைப்படகுகளுக்கான தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் கடல் மீனின் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அதே கோடையில்தான் குளங்கள் வற்றி, விராலும் கெண்டையும் ஜிலேபியும் ஊருக்குள் மலிவாகக் கிடைக்கும். ஆகவே கடல் மீனுக்கு மட்டும், அல்லது குளத்து மீனுக்கு மட்டும் என்று கணக்குப் போட்டு வாங்கினால் ஆண்டில் பாதி நாள் கத்தி சும்மா கிடக்கும்.

எல்லா மீனும் பாளம் எடுக்க ஏற்றதல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கட்லா, ரோகு, மிருகால் போன்ற கெண்டை இனங்களுக்கு முதுகெலும்பிலும் விலாவிலும் உள்ள முள் தவிர, சதைக்குள்ளேயே கவட்டை வடிவில் மெல்லிய முட்கள் செருகிக் கிடக்கும். எவ்வளவு உயர்ந்த கத்தியாலும் அவற்றைப் பாளம் எடுக்கும் வீச்சிலேயே நீக்கிவிட முடியாது. கெண்டையைக் குறுக்கே துண்டு போட்டுக் குழம்பு வைப்பதுதான் சரி. விரால், ஜிலேபி, கொடுவா, சங்கரா, வஞ்சிரம், பாறை, கானாங்கெளுத்தி ஆகியவை பாளத்துக்கு நன்றாக ஒத்துழைக்கும்.

இரண்டாம் படி: அலகின் நீளம்

மீனின் அகலத்தை, அதாவது முதுகிலிருந்து வயிறு வரை உள்ள அளவை, ஒரே இழுப்பில் கடக்கும் நீளம் அலகுக்கு வேண்டும். அலகு குட்டையாக இருந்தால் மரம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் அறுக்க நேரிடும், சதையும் படிப்படியாகக் கிழிந்துபோகும். கையளவு ஜிலேபிக்கும் கானாங்கெளுத்திக்கும் 6 அங்குலம் போதும். ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரையுள்ள கொடுவாவுக்கும் விராலுக்கும் 7 அல்லது 8 அங்குலம் வசதி. நான்கைந்து கிலோ வஞ்சிரத்தை முழுதாக வாங்குகிறவர்களுக்கு 9 அங்குலம் வேண்டியிருக்கும். ஒரே ஒரு கத்திதான் வாங்குவேன் என்பவர்களுக்கு 7 அங்குலத்தையே சொல்வேன். ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் கொண்ட அது, சிறிய மீனுக்கு அதிகம் நீளாது, நடுத்தர மீனுக்குக் குறையவும் செய்யாது.

மூன்றாம் படி: வளைவு

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் நான் தவறியது இங்கேதான். தஞ்சாவூரில் ஒரு பாத்திரக் கடையில், "எல்லா மீனுக்கும் ஆகும்" என்று சொல்லிக் கொடுத்த தடித்த சமையல் கத்தியை வாங்கி வந்து, ஒரு கிலோ கொடுவா ஒன்றைப் பலகையில் வைத்தேன். கத்தி கூராகத்தான் இருந்தது. ஆனால் விலா எலும்புகள் வெளிப்பக்கமாக வளைந்து எழும் இடத்தில் அலகு வளைய மறுத்து நேராகவே போனதால், ஓரிடத்தில் எலும்பை வெட்டிச் சதையோடு சேர்த்துக் கொண்டுவந்தது, இன்னோரிடத்தில் விரல் கனத்துக்குச் சதையை எலும்பிலேயே விட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாயி, "கண்ணால பாத்து அறுக்காதய்யா, முள்ளு சத்தத்தைக் கேட்டு அறு" என்றார். அந்தக் கத்தியில் கேட்க ஒரு சத்தமும் வரவில்லை.

பிறகு மெல்லிய, வளையும் கத்தி ஒன்றை வாங்கியபோதுதான் அவர் சொன்னது விளங்கிற்று. அலகின் நுனியை முதுகெலும்பின் மேல் லேசாகச் சாய்த்து இழுத்தால், சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினாற்போன்ற சன்னமான சத்தம் கேட்கும், அதே அதிர்வு விரலிலும் தெரியும். அந்தச் சத்தம் தொடர்ந்து வரும்வரை கத்தி முள்ளை ஒட்டியே போகிறது என்று பொருள். சத்தம் நின்றுவிட்டால் அலகு சதைக்குள் விலகிவிட்டது.

கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடைக்காரரின் அனுமதியோடு, கத்தியின் நுனியை ஒரு மரப்பலகையின் மேல் சாய்வாக ஊன்றி, கைப்பிடியை மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். மற்றக் கை அலகுக்கு அருகே வரவே கூடாது. நல்ல கத்தியில் நுனிப்பக்கத்துப் பாதி வில்போல வளையும், கைப்பிடிப் பக்கத்துப் பாதி அவ்வளவாக அசையாது. விட்டவுடன் அலகு பழையபடி நேராக வேண்டும். கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒரு கண்ணால் பார்த்தால், இம்மி கோணல் இருந்தாலும் தெரிந்துவிடும். வளைந்தது வளைந்தபடியே நின்றால் எஃகு சரியாகப் பதப்படுத்தப்படவில்லை, அதை வாங்க வேண்டாம். அலகின் முதுகுப்புறம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பும், அடிப்பக்கத்தில் இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் இருந்து, நுனி நோக்கிச் சிறுத்துப் போனால் இந்த வளைவு தானாகவே அமையும்.

அதற்காக ஓலைபோல ஆடும் கத்தியையும் தேடக் கூடாது. வவ்வால் போன்ற தட்டை மீனுக்கு நெகிழ்வு அதிகம் வேண்டும். கனத்த தோலும் உருண்ட உடம்பும் கொண்ட விராலுக்கு அத்தனை நெகிழ்வு வேண்டாம், தோலில் இறங்கும்போது அலகு ஒதுங்கிவிடும். தொடங்குகிறவர்கள் நடுத்தர வளைவுள்ளதை எடுப்பதே நல்லது. ஜப்பானியர் தேபா என்னும் தடித்த கத்தியால், வளைவே இல்லாமல், மீனை அருமையாகப் பிரிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வழக்கமாக ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய அந்த அலகைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும்.

நான்காம் படி: எஃகு

ஊர்ப் பட்டறையில் லாரியின் வில்பட்டையைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, துவைச்சல் வைத்து, அதாவது சூட்டோடு தோய்த்துக் கடினமாக்கித் தரும் கத்திகளும் அரிவாள்களும் நல்ல கூர் கொள்ளும், மழுங்கினால் எளிதில் தீட்டவும் முடியும். ஆனால் அவை துருப்பிடிக்கும். கடல் மீனின் உப்பும் நம் பக்கத்து ஈரக் காற்றும் சேர்ந்தால் ஓரிரவிலேயே அலகில் செம்புள்ளி வந்துவிடும். தவிர, வெட்டுவதற்காக அடிக்கப்படும் பட்டறைக் கத்தி பெரும்பாலும் தடிப்பாகவே இருக்கும். எனவே பாளம் எடுக்கத் துருப்பிடிக்காத எஃகையே வாங்கச் சொல்கிறேன். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் எஃகுக்கு அந்தக் குணம் வரும். மீன் கத்திகளில் குரோமியம் 13 முதல் 15 சதவீதம் வரை இருப்பது வழக்கம்.

அட்டையில் ராக்வெல் என்று ஓர் எண் போட்டிருந்தால் அது கடினத்தைக் குறிக்கும். 54 முதல் 58 வரை இருந்தால் இந்த வேலைக்குப் பொருத்தம். 60-ஐத் தாண்டிய எஃகு கூரை நெடுநாள் காக்கும், ஆனால் எலும்பில் இடறினால் விளிம்பு பொரிந்து போகக்கூடும். நாம் பாதி நேரம் எலும்பை உரசிக்கொண்டேதான் அறுக்கிறோம் என்பதால், கொஞ்சம் மென்மையாக இருந்து அடிக்கடி தீட்டக் கேட்கும் கத்தியே மேல்.

ஐந்தாம் படி: கைப்பிடி

கடையில் உலர்ந்த கையால் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கினால் ஏமாந்துபோவோம். விராலின் வழவழப்பும் மீன் எண்ணெயும் படிந்த கையில் அது எப்படி நிற்கும் என்பதுதான் கேள்வி. முடிந்தால் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடி நல்லது. பளபளப்பாக மெருகிட்ட மரப்பிடி கண்ணுக்கு அழகாக இருந்தாலும், ஈரத்தில் ஊறி ஊறி இடுக்கு விட்டு, அந்த இடுக்கில் அழுக்கும் வாடையும் தங்கிவிடும். இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கைப்பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தில், விரல் முன்னே சறுக்கிவிடாதபடி தடுக்கும் புடைப்பு ஒன்று இருக்க வேண்டும். மீன் கத்தியால் படும் காயம் சீழ் கோத்துக்கொள்ளக்கூடும் என்பதால், இந்தப் புடைப்பு இல்லாத கத்தியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆறாம் படி: கூரைச் சோதித்தல்

விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மின்னும் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே மழுங்கல் அல்லது பொரிவு இருக்கிறது. பிறகு செய்தித்தாள் ஒன்றைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழாக இழுத்தால், தாள் கிழியாமல் அறுபட வேண்டும். விரலை விளிம்பில் ஓட்டிப் பார்ப்பது வேண்டாத பழக்கம்.

ஏழாம் படி: வீட்டில் முதல் மீன்

முதல் மீனாக ஒரு கிலோவுக்குள் ஒரு கொடுவா வாங்குங்கள். எலும்பு தெளிவாக இருக்கும், சதையும் குழையாது. செதிளைச் சீவி, குடலை எடுத்து, கழுவி, துணியால் ஈரம் ஒற்றியபின் பலகையில் வைக்க வேண்டும். பலகைக்கு அடியில் நனைத்த துணி ஒன்றை விரித்தால் அது நகராது. செவுளுக்குப் பின்னால், துடுப்பை ஒட்டிச் சாய்வாக முதுகெலும்பு தட்டும் வரை வெட்டுங்கள். பிறகு முதுகுப்பக்கத் துடுப்பின் ஓரமாகத் தலையிலிருந்து வால்வரை மேலாக ஒரு கோடு இழுத்து, அதே கோட்டில் மறுபடி மறுபடி சற்று ஆழமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் இழுப்பிலும் அந்தச் சீப்புச் சத்தம் கேட்க வேண்டும். முதுகெலும்பைத் தாண்டி விலாவுக்கு வந்ததும் நுனியைச் சற்றே மேல்நோக்கித் திருப்பினால், வளையும் அலகு விலா எலும்பின் முதுகில் ஏறி இறங்கிச் சதையைப் பிரித்துவிடும். நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும் சிறு முட்களை விரல் நுனியால் தடவிக் கண்டு, இடுக்கியால் தலைப்பக்கம் நோக்கி இழுத்து எடுத்துவிடலாம்.

தோல் வேண்டாம் என்றால், பாளத்தைத் தோல் கீழாக வைத்து, வால் முனைத் தோலை உப்புத் தொட்ட விரலால் அழுத்திப் பிடித்து, அலகைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே கிட்டத்தட்டப் படுக்கையாக நுழைத்துக்கொள்ளுங்கள். கத்தியை அசைக்காமல் வைத்துக்கொண்டு, தோலை இடமும் வலமுமாக ஆட்டி இழுக்க வேண்டும்.

முடிந்ததும் எலும்புக்கூட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். முட்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் கத்தித் தேர்வு சரி. முதல் மீனிலேயே அப்படி வராது, மூன்று நான்கு மீன் கடந்தும் விலாப் பக்கத்தில் மட்டும் சதை தங்கினால் அலகின் நெகிழ்வு போதவில்லை என்று கொள்ளலாம். முழு மீன் எடையில் பாதிக்கும் குறைவாகவே பாளம் தேறும், ஜிலேபியில் மூன்றில் ஒரு பங்குதான். தலையும் எலும்பும் மாங்காய் போட்ட குழம்புக்குப் போகட்டும்.

எட்டாம் படி: கழுவுதலும் தீட்டுதலும்

கத்தியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் மீனின் புரதம் வெந்து அலகில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே துடைத்து, தடித்த அட்டையை மடித்துச் செய்த உறையில் தனியாக வையுங்கள். துருப்பிடிக்காத எஃகும் உப்பு ஈரத்தில் நெடுநேரம் கிடந்தால் புள்ளி விழும்.

தீட்டுவதற்கு 1000 எண்ணும் 3000 எண்ணும் (கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்கள்) கொண்ட இருபக்கச் சாணைக்கல் போதும். கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 15 பாகைச் சாய்வில் தீட்ட வேண்டும். அலகு 2 சென்டிமீட்டர் அகலமென்றால், அதன் முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதே அந்தச் சாய்வு. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதானால், இது மெல்லிய மீன் கத்தி, சக்கரத்தில் அழுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். சக்கரத்தின் சூட்டில் நுனி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்துப் பதம் போய்விட்டது, அதற்குமேல் அங்கே கூர் நிற்காது.