அதிகம் பேசாத அப்பாவுக்கு ஒரு நினைவு ஆல்பம்

அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கை வைப்பது, புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில். காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும். இளவட்டத்தில் வைகைக்குள் நின்று அழகரைப் பார்த்தது தங்கியிருக்கும். அதனால் ஆல்பத்தைப் பழைய படங்களில் தொடங்குங்கள். பேரன் காதுகுத்து கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்.

20 படம் போதும், பக்கத்துக்கு ஒன்று. ஒரிஜினலை பீரோவில் வைத்துவிட்டு நகலை ஒட்டுங்கள், கிழித்துவிட வாய்ப்புண்டு. மேட் பேப்பர்தான் வேண்டும். பளபளத் தாள் டியூப்லைட்டில் மின்னி முகத்தை மறைத்துவிடும். கீழே கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் ஒரே வரி: “தங்கம் தியேட்டர் வாசல். நீங்களும் உங்கள் தம்பியும்.” கல்யாண குரூப் போட்டோ வேண்டாம், அத்தனை முகத்தில் திணறிப்போவார்.

கூடவே ஒரு டப்பாவில் பழைய வாட்ச், மூக்குக்கண்ணாடிக் கூடு, துண்டு. மல்லிகைச் சரத்துக்கு முகம் மலராவிட்டால் ஏமாறாதீர்கள். இந்த நோயில் மோப்பம் சீக்கிரமே மங்கும். காசு, பொத்தான் கூடாது, வாயில் போட்டுக்கொள்வார்.

காலைப் பலகாரத்துக்குப் பிறகு 15 நிமிடம் உட்காருங்கள். சாயங்காலம் பலருக்குக் குழப்பம் கூடும். “ஞாபகம் இருக்காப்பா?” என்பது பரீட்சை, கேட்காதீர்கள். “தல்லாகுளத்தில் அழகர் எதிர்சேவை, என்ன கூட்டம்ப்பா!” என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் 20 எண்ணுங்கள். பலர் 5-லேயே அடுத்ததைப் பேசிக் கெடுத்துவிடுகிறார்கள். வாய் திறக்காதவரின் பதில் விரலில் இருக்கும்: படத்தின் ஓரத்தைத் தடவுவார்.

“ஆத்தா எங்கே?” என்றால் செத்துப்போனதைச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. ஆத்தா வைத்த குழம்பைப் பற்றிக் கேளுங்கள்.

அவர் சொன்ன ஒற்றைச் சொல்லையும் தேதியோடு படத்தின் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துவையுங்கள்.