எந்த ஆசிரியருக்கு எந்த ஸ்பானியச் சொல்?

ஆண்டு 1 பிள்ளைக்கு 'அ' எழுதக் கற்றுத் தருபவரும் நமக்கு ஆசிரியர்தான், படிவம் 5-க்குக் கணக்கு நடத்துபவரும் ஆசிரியர்தான். ஸ்பானிய மொழி இருவரையும் பிரித்துப் பார்க்கிறது. அதனால் சொல்லைத் தேடுமுன், அவர் யாருக்குப் பாடம் நடத்துகிறார் என்று கேளுங்கள்.

தொடக்கப்பள்ளி என்றால் மாயெஸ்த்ரோ, பெண்ணானால் மாயெஸ்த்ரா. ஸ்பெயினிலும் தொடக்கக்கல்வி 6 ஆண்டுகள்தான். ஆகவே கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தமிழ்ப்பள்ளியில் வேலை செய்பவர், பாலர்பள்ளி ஆசிரியை உட்பட, தயங்காமல் இந்தச் சொல்லை எழுதலாம். இடைநிலைப்பள்ளிக்கு ப்ரொஃபெசோர், ப்ரொஃபெசோரா. அர்ஜென்டினாவில் இரண்டுக்கும் தனித்தனிக் கொண்டாட்டமே உண்டு: செப்டம்பர் 11 மாயெஸ்த்ரோ தினம், செப்டம்பர் 17 ப்ரொஃபெசோர் தினம்.

மெக்சிகோவில் இந்தக் கோடு மங்கிவிடும். அங்கே பல்கலைக்கழக ஆசிரியரையும் மாயெஸ்த்ரோ என்று மரியாதையாக அழைப்பார்கள். முதுகலைப் பட்டம் பெற்றவரின் பெயருக்கு முன்னாலும் அதே சொல் வரும். அங்கே மே 15 ஆசிரியர் தினம், நம் மலேசிய ஆசிரியர் தினத்துக்கு முந்தைய நாள். மெக்சிகோ நண்பருக்கு வாழ்த்து அனுப்புவதென்றால் அவர் எந்த நிலையில் கற்பித்தாலும் 'ஃபெலிஸ் தியா தெல் மாயெஸ்த்ரோ' பொருந்தும்.

அதிகம் தடுக்கி விழும் இடம் பல்கலைக்கழகம். ப்ரொஃபெசோர் என்றால் பேராசிரியர் என்று நம் காது கேட்கிறது. ஸ்பானியருக்கு அது வெறும் ஆசிரியர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் நேற்றுச் சேர்ந்த விரிவுரையாளரும் ப்ரொஃபெசோர்தான். பேராசிரியர் பதவியைச் சொல்ல ஸ்பெயினுக்குக் கதெத்ராத்திகோ, பெண்ணுக்குக் கதெத்ராத்திகா என்று எழுதுங்கள். 'ப்ரொஃபெசோர் தித்துலார்' என்பதில் கவனம் வேண்டும்: அர்ஜென்டினாவில் அது உச்சப் பதவி, ஸ்பெயினில் கதெத்ராத்திகோவுக்கு ஒரு படி கீழே. சுயவிவரம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று தெரியாமல் இதை எழுதவே கூடாது. லெக்சரர் என்பதை ஒலியை வைத்து லெக்தோர் என்று மாற்றுவதும் தவறு. அதற்குப் பொதுவான பொருள் வாசகர்.

டியூஷன் ஆசிரியருக்கு ப்ரொஃபெசோர் பார்த்திகுலார். இங்கே டியூட்டர் என்ற பழக்கத்தில் துத்தோர் என்று எழுதிவிடுவோம். லத்தீன் அமெரிக்காவில் சில இடங்களில் அது எடுபடும். ஸ்பெயின் பள்ளியில் துத்தோர் என்றால் வகுப்பாசிரியர். சட்டப்படி அந்தச் சொல் பாதுகாவலரைக் குறிக்கும். பள்ளிப் படிவத்தில் 'பாத்ரே, மாத்ரே ஓ துத்தோர்' என்றிருக்கும் கோட்டில் தாயோ தந்தையோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். டியூஷன் ஆசிரியர் அங்கே கையெழுத்துப் போட்டால் படிவம் திரும்பி வரும்.

விளையாட்டுப் பயிற்றுநர் எந்த்ரெனாதோர். நீச்சல், உடற்பயிற்சிக்கு ஸ்பெயினில் மொனித்தோர், லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் இன்ஸ்த்ருக்தோர். பரதம் சொல்லித் தருபவர் ப்ரொஃபெசோரா தெ தான்ஸா. ஆனால் கலையில் முதிர்ந்து, பலரை உருவாக்கிய குருவுக்கும் சிலம்ப ஆசானுக்கும் மாயெஸ்த்ரோ என்ற சொல்தான் தகும். அங்கே அது தொடக்கப்பள்ளியைக் குறிக்காது, தேர்ச்சியைக் குறிக்கும்.

தலைமையாசிரியர், தொடக்கப்பள்ளியானாலும் இடைநிலைப்பள்ளியானாலும், திரெக்தோர் அல்லது திரெக்தோரா. நிலை தெரியவில்லை, அல்லது விண்ணப்பத்தில் பொதுவாக எழுத வேண்டும் என்றால் தொசெந்தே போதும். ஆண், பெண் இருவருக்கும் வடிவம் மாறாது. ஆனால் பேச்சில் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். மாணவர்கள் நேரில் அழைப்பது ப்ரொஃபே. ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் சின்னப் பிள்ளைகள் ஆசிரியையை 'செஞ்ஞோ' என்பார்கள். நம் பிள்ளைகள் வாயில் வரும் 'டீச்சர்' போலவே செல்லமாக ஒலிக்கும்.

அறிமுகம் செய்துகொள்ளும்போது தொழில் பெயருக்கு முன், 'ஒரு' என்று பொருள்படும் 'உன்', 'உனா' சேர்க்காதீர்கள். 'சோய் மாயெஸ்த்ரா' (நான் ஆசிரியை) என்றால் போதும். 'சிறந்த ஆசிரியை' என்பதுபோல அடைமொழி வந்தால் மட்டும் சேர்க்க வேண்டும்: 'எஸ் உனா மாயெஸ்த்ரா எக்ஸெலெந்தே.'