நடந்துகொண்டே வாதாடுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு திடீரென முடிவெடுத்து நண்பர்களோடு வேறொரு நகரத்துக்குக் கிளம்புகிறீர்களா? தங்கும் இடம், திரும்பி வரும் டிக்கெட் இரண்டையும் மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றவை தாமாக நடக்கும். அரசியல் பேச்சும் தானாக வந்துவிடும். தடுக்க வேண்டாம்.

ஆனால் பசியோடு இருக்கும்போதோ ரயிலைப் பிடிக்க ஓடும்போதோ தொடங்காதீர்கள். நடந்துகொண்டே பேசுவது நல்லது. எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொள்வதைவிட, ஒரே திசையைப் பார்த்து நடக்கும்போது குரல் தணிகிறது (இது என் அனுபவம்). பதில் சொல்லும் முன், நண்பர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அவர் "ஆமாம்" என்ற பிறகே மறுப்பு. பாதிச் சண்டை அங்கேயே காணாமல் போகும். அவர் சொல்லாத ஒன்றோடுதான் பெரும்பாலும் நாம் மோதிக்கொண்டிருப்போம். தன் தரப்பை மட்டும் அறிந்தவன் அதையும் குறைவாகவே அறிந்தவன் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார்.

என்றாவது லண்டன் போனால், ஞாயிற்றுக்கிழமை ஹைட் பார்க்கின் 'பேச்சாளர் மூலை'யில் சற்று நேரம் நில்லுங்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம். கூட்டம் குறுக்கே கேள்வி வீசும். குடையை மறக்காதீர்கள்.