போனை எங்கே வைக்கிறோம்

குழந்தைகளுக்கு நடனம் சொல்லித்தருகிறேன். ஒருமுறை 12 வயது மாணவி ஆடிய வீடியோவை சோஷியல் மீடியாவில் என் கணக்கில், எல்லாரும் பார்க்கிற மாதிரி, நானே ஏற்றிவிட்டேன். மறுநாள் பார்த்தால் லைக்கைவிட ஸேவ் அதிகம். முன்பின் தெரியாத ஆண்கள் கமென்டில் வயசு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: “மிஸ், நான் தப்பா ஆடிட்டேனா?”

அன்றே அழித்தேன். அதன்பிறகு எங்கள் வகுப்பில் வீடியோ எடுக்கிற முறையே மாறிவிட்டது.

முதலில் போன். தண்ணீர் பாட்டிலில் சாய்த்துத் தரையில் வைத்து எடுப்பதுதான் எல்லாருக்கும் பழக்கம். அந்தக் கோணத்தில் யார் ஆடினாலும் இடுப்புதான் முன்னால் நிற்கும். முகம் மேலே எங்கேயோ சின்னதாகப் போய்விடும். போனை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். உச்சந்தலை முதல் பாதம் வரை தெரிகிற தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். ஜூம், ஸ்லோமோஷன் வேண்டவே வேண்டாம். கவர் படமாக ஆப் காட்டுவதை அப்படியே விடாதீர்கள், எந்த நொடி உறைந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. சிரிப்பும் கை வீச்சும் தெரிகிற இடத்தை நீங்களே தேடி எடுங்கள்.

ட்ரெண்ட் ஸ்டெப் என்றால், பாட்டை ம்யூட் செய்து பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். “இதில் உனக்குப் பிடித்த அசைவு எது?” என் வகுப்பில் பெரும்பாலும் ஒரு சுழற்சியையோ ஒரு குதியையோதான் காட்டுவார்கள். வியூஸுக்காகச் சேர்த்ததை அவர்களே தள்ளிவிடுவார்கள். அந்த நேரத்தில் உடுப்பைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்; எடுத்தால் அடுத்த வீடியோ உங்களுக்குத் தெரியாமல் போகும். வயது வந்த மாணவிகளுக்கு நான் விதி எதுவும் போடுவதில்லை. கோணத்தைக் காட்டிக்கொடுப்பதோடு சரி.

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் டீன் கணக்கு தானாகவே ப்ரைவேட்டாக இருக்கும். 16க்குக் கீழே என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். டிக்டாக்கில் 13 முதல் 15 வரைக்கும் தொடக்கத்தில் ப்ரைவேட்தான். பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டிருந்தால் இந்தக் காவலை நம்பமுடியாது, அதை முதலில் பாருங்கள். அம்மா கணக்கிலோ மிஸ் கணக்கிலோ ஏற்றினாலும் காவல் கிடையாது. நான் விழுந்த குழி அதுதான்.

அசிங்கமான கமென்ட் வந்தால் பதில் போடவேண்டாம். ஸ்கிரீன்ஷாட், ரிப்போர்ட், பிளாக், இதே வரிசையில். முதலிலேயே பிளாக் செய்தால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போகலாம்.