ஆங்கிள் கிரைண்டர்: முதன்முறை கையில் எடுப்பவர்களுக்கான செய்முறை

டிரில்லிங் மெஷின் வாங்கியவர்களில் பலர் அடுத்து வாங்குவது ஆங்கிள் கிரைண்டர். கம்பி அறுக்க, வெல்டிங் மேட்டை வழிக்க, துரு எடுக்க, டைல்ஸ் வெட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின். பார்க்கச் சிறிதாக, சாதுவாகத் தெரியும். ஆனால் 4 அங்குல மெஷினில் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றுகிறது. அப்படியானால் டிஸ்க்கின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று கணக்கு.

புதிதாக வாங்குகிறவர்கள் எத்தனை வாட், எந்த பிராண்டு என்று மெஷினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் டிஸ்க்கைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. உடைவது, சிக்குவது, எகிறுவது எல்லாம் டிஸ்க்தான். அதனால் இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம். பயிற்சிக்கு ஓர் எளிய வேலையை எடுத்துக்கொள்வோம்: ஓர் இரும்புச் சதுரக் குழாயை அறுத்து, அறுத்த முனையில் நிற்கும் பிசிரை எடுப்பது.

முதல் படி: இது கிரைண்டர் வேலைதானா?

ஒரே ஒரு போல்ட்டை அறுக்க வேண்டும் என்றால் ஹேக்ஸா பிளேடு போதும். மரம் அறுக்க வேண்டும் என்றால் கிரைண்டரைத் தொடவே வேண்டாம். கிரைண்டரில் மாட்டுவதற்கென்று பல் வைத்த மர பிளேடுகளும் செயின் சுற்றிய டிஸ்க்குகளும் விற்கிறார்கள், வாங்காதீர்கள். அந்தப் பற்கள் மரத்தில் கவ்வினால் மெஷின் கையை விட்டு எகிறிவிடும். மூடிய டின், டிரம், பெட்ரோலோ தின்னரோ இருந்த பாத்திரம் எதையும் அறுக்கக் கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

இரண்டாம் படி: டிஸ்க்கைப் படியுங்கள்

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் தேவையான எல்லாமே அச்சிட்டிருக்கும். முதலில் அளவு. 100 × 1.0 × 16 என்று இருந்தால் விட்டம் 100 மி.மீ., தடிமன் 1 மி.மீ., நடு ஓட்டை 16 மி.மீ. பொதுவாக 4 அங்குல டிஸ்க்குகளுக்கு ஓட்டை 16 மி.மீ.; 115, 125, 180, 230 மி.மீ. டிஸ்க்குகளுக்கு 22.23 மி.மீ. ஓட்டை பெரிதாக இருந்தால் வாஷர் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. டிஸ்க் கொஞ்சம் மையம் தப்பினாலும் அந்த வேகத்தில் அதிர ஆரம்பித்து உடைந்துவிடும்.

அடுத்தது வேகம். கையில் பிடிக்கும் மெஷின்களுக்கான சாதாரண டிஸ்க்குகளின் ஓரம் விநாடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. விட்டம் கூடக்கூட ஓரம் வேகமாக ஓடும் என்பதால், அனுமதிக்கப்பட்ட சுற்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். 100 மி.மீ. டிஸ்க்கில் 15,000-க்கு மேல் போட்டிருக்கும், 230 மி.மீ. டிஸ்க்கில் 6,600 அளவில்தான். டிஸ்க்கில் உள்ள எண், மெஷினின் பெயர்த்தகட்டில் உள்ள எண்ணைவிட அதிகமாகவோ, குறைந்தபட்சம் சமமாகவோ இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சின்ன மெஷினின் கவரைக் கழற்றிவிட்டு 180 மி.மீ. டிஸ்க்கை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். 11,000 சுற்றில் அதன் ஓரம் விநாடிக்கு 104 மீட்டர் வேகத்தில் போகும். டிஸ்க்கைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 80 மீட்டரில் இருந்ததைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகிவிடும். அது உடையும்போது தடுக்க வேண்டிய கவரையும் நாமே கழற்றி வைத்துவிட்டோம்.

இதைவிட நைசாக ஏமாற்றும் ஒன்று உண்டு. பெரிய மெஷினில் தேய்ந்து சிறிதாகிப்போன 230 மி.மீ. டிஸ்க்கை, வீணாக்குவானேன் என்று 125 மி.மீ. மெஷினில் மாட்டுவது. ஓட்டை ஒரே அளவு, அதனால் பொருந்திவிடும். ஆனால் அந்த டிஸ்க்கின் துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பிசினும், உடையாமல் தாங்க உள்ளே வைத்த வலையும் 6,600 சுற்றுக்காகச் செய்தவை. தேய்ந்தது தேய்ந்ததுதான், தூக்கிப் போடுங்கள்.

நடுவில் உள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதுதான் காலாவதித் தேதி. பிசின் கொண்டு ஒட்டிய டிஸ்க்குகளுக்குப் பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டுகள். ஈரம் பட்டால் பிசின் வலுவிழக்கும் என்பதால் பழைய டிஸ்க் புதிதாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது. தவறிக் கீழே விழுந்த டிஸ்க், ஓரம் பெயர்ந்தது, கீறல் கண்டது எல்லாம் குப்பைக்குத்தான்.

கடைசியாக வகை. 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் அறுக்க மட்டும். அதன் பக்கவாட்டை எதிலும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, உடைந்துவிடும். 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் வழிக்க மட்டும். பிசிர் எடுக்க உப்புத்தாள் மடிப்புகளை அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் நல்லது. புதியவர்களுக்கு அது அடங்கி நடக்கும். நம் வேலைக்கு 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் ஒன்று, ஃபிளாப் டிஸ்க் ஒன்று.

மூன்றாம் படி: உடம்பில் என்ன இருக்க வேண்டும்

பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதற்கு மேல் முகக் கவசம் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் முகக் கவசம் மட்டும் போதாது, அடியிலிருந்து பொறி உள்ளே வரும். காதுக்கு அடைப்பான் அல்லது மஃப். கிரைண்டர் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். பருத்திச் சட்டை, முழுக்கை, மூடிய ஷூ. பாலியஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தொங்கும் துண்டு, கயிறு, விரித்த முடி எதுவும் கூடாது. கையை ஒட்டிப் பிடிக்கும் தோல் உறை போடலாம். (டிரில்லிங் மெஷினுக்கு இது பொருந்தாது, சுற்றும் பிட் உறையைச் சுருட்டி விரலையும் சேர்த்து இழுக்கும்.) கான்கிரீட், கல், டைல்ஸ் அறுத்தால் சிலிக்கா தூசி கிளம்பும், அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். அதற்குத் துணி மாஸ்க் உதவாது, என்95 வேண்டும்.

நான்காம் படி: டிஸ்க் மாட்டுதல்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அப்புறம் பாதுகாப்புக் கவர் இருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கவரின் மூடிய பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடியையும் மாட்டுங்கள். பலரும் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். மெஷின் எகிறும்போது அதை அடக்குவது அந்தக் கைப்பிடிதான்.

கியர் தலையில் உள்ள பட்டனை அழுத்தினால் ஸ்பிண்டில் (டிஸ்க் மாட்டும் சுழல் தண்டு) பூட்டிக்கொள்ளும். பழைய டிஸ்க்கைக் கழற்றி, உள் ஃபிளேஞ்சை (டிஸ்க் உட்காரும் வட்டத் தட்டை) துடைத்து வைத்து, புதிய டிஸ்க்கை அதன் மேல் சரியாக உட்கார வையுங்கள். டிஸ்க்கை மேலிருந்து இறுக்கும் லாக் நட்டின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்குத் தட்டைப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும், தடித்த கிரைண்டிங் டிஸ்க்குக்கு மேட்டுப் பக்கம். உங்கள் மெஷினின் கையேட்டில் உள்ள படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும். கையால் டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. அந்தப் பட்டனை மெஷின் ஓடும்போது ஒருபோதும் தொடாதீர்கள். கியரும் போகும், டிஸ்க்கும் கழன்று பறக்கலாம்.

ஐந்தாம் படி: குழாயை இறுக்குதல்

காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். நீங்கள் செய்ய வேண்டாம். வைஸிலோ இரண்டு சி கிளாம்ப்பிலோ இறுக்குங்கள். எப்படி இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் டிஸ்க் சிக்குமா சிக்காதா என்பது அமையும். குழாயின் இரு முனைகளையும் இரண்டு ஸ்டூல்களின் மேல் வைத்து நடுவில் அறுத்தால், அறுபட அறுபட நடுப்பகுதி கீழே தொய்யும். வெட்டின் வாய் மூடி டிஸ்க்கை இரு பக்கமும் நெரிக்கும். சிக்கிய டிஸ்க் நின்றுவிட, மோட்டாரின் சுழற்சி முழுவதும் மெஷினைத் தூக்கி எறியும். அதனால் வெட்டும் இடத்துக்கு அருகிலேயே ஒரு பக்கத்தை இறுக்கி, மறுபக்கம் வெளியே தொங்கும்படி விடுங்கள். தொங்கும் துண்டு தன் எடையால் கீழே இறங்கும்போது வாய் விரியும், டிஸ்க்குக்கு இடம் கிடைக்கும். துண்டு நீளமாக இருந்தால் அதன் அடியில் சற்றுத் தாழ்வாக ஏதாவது முட்டுக் கொடுங்கள்.

பொறி எந்தப் பக்கம் போகும் என்பதையும் இப்போதே பாருங்கள். மெஷின் தலையில் டிஸ்க் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். வெட்டும் இடத்தில் டிஸ்க்கின் ஓரம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம்தான் பொறி பறக்கும். அங்கே மரத்தூள், எண்ணெய்த் துணி, பெயிண்ட் டின், மெஷினின் ஒயர், ஆட்கள் யாரும் எதுவும் இருக்கக் கூடாது.

ஆறாம் படி: அறுத்தல்

மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது நல்லது. எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துவிடுங்கள், சுருண்ட ஒயர் சூடாகி உருகும். பிளக் செருகும் முன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சறுக்கித் தள்ளிப் பூட்டும் சுவிட்ச் ஆன் நிலையில் கிடந்தால், செருகிய கணமே மெஷின் தரையில் துள்ளும். இந்த வகைச் சுவிட்ச் எனக்குப் பிடிக்காததே இதனால்தான். கையை எடுத்தால் நிற்கும் துடுப்பு மாதிரிச் சுவிட்ச் உள்ள மெஷின் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

புது டிஸ்க் மாட்டினால், எதையும் தொடாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். டிஸ்க் சுற்றும் தளத்தின் நேரே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள். குறையுள்ள டிஸ்க் பெரும்பாலும் இந்த நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதிர்ந்தால் அணைத்து, கழற்றிப் பாருங்கள்.

சரி, இப்போது அறுக்கலாம். இரண்டு கையாலும் பிடித்து, மெஷின் முழு வேகம் எடுத்த பிறகு டிஸ்க்கை மெதுவாகக் குழாயில் இறக்குங்கள். உங்கள் முகமும் உடம்பும் டிஸ்க்கின் நேர்கோட்டில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும். அழுத்தாதீர்கள். மெஷினின் எடையே பாதி வேலையைச் செய்யும். சத்தம் கம்மிப் போனால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். கோடு விலகினால் வெட்டுக்குள்ளேயே மெஷினைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வெளியே எடுத்து மறுபடி இறக்குங்கள். சதுரக் குழாயில் ஒரேயடியாக மேலிருந்து கீழே வருவதைவிட, ஒவ்வொரு பக்கமாகச் சுற்றி அறுத்தால் வெட்டு நேராக வரும். டிஸ்க்கும் ஆழத்தில் சிக்காது.

அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உடனே சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பூட்டிய சுவிட்சோடு கீழே வைத்துவிட்டால், மின்சாரம் திரும்பும்போது அது தானாக ஓட ஆரம்பிக்கும். சாதாரணமாக அணைத்த பிறகும் டிஸ்க் சில விநாடிகள் சுற்றும். நின்ற பிறகே கீழே வையுங்கள்.

ஏழாம் படி: பிசிர்

பிளக்கைப் பிடுங்கி ஃபிளாப் டிஸ்க்கை மாட்டுங்கள். படுக்கை வாட்டத்தில், சற்றே சாய்த்து, நிற்காமல் நகர்த்தியபடி மேலோட்டமாகத் தொட்டால் போதும். 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் என்றால் 15 முதல் 30 டிகிரி சாய்வு. வெட்டிய முனை கொதிக்கும், கை வைக்காதீர்கள். முடித்துவிட்டு உடனே கதவைப் பூட்டிக்கொண்டு போக வேண்டாம். மூலையில் புகுந்த பொறி மெல்லக் கனிந்து வெகு நேரம் கழித்துப் பற்றும். அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை வந்து பாருங்கள்.

பராமரிப்பு

ஒவ்வொரு வேலை முடிவிலும், பளு இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டால் மோட்டார் சூடு தணியும். பிளக்கைப் பிடுங்கிய பின், காற்றோட்டத் துளைகளில் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். அப்போதும் கண்ணாடி வேண்டும். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். உள்ளே படிந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் சுருள்) எரிவது மட்டுமில்லாமல் வெளிப்பகுதியிலும் மின்சாரம் வரலாம். ஒயர் வெட்டுப்பட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாமல் ஒயரையே மாற்றுங்கள்.

கிரைண்டர் விட்டுவிட்டு ஓடினாலோ, தட்டினால்தான் ஓடும் என்றாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் சிறு கார்பன் கட்டிகள். காற்றுத் துளை வழியே சின்ன நீலப் பொறி தெரிவது சகஜம். வளையமாகத் தீ சுற்றுவது போலத் தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். பல மெஷின்களில் இருபுறமும் இருக்கும் மூடியைத் திருகினாலே பிரஷ் வெளியே வரும். சிலவற்றில் பின்பக்க உறையைக் கழற்ற வேண்டும். பிரஷ்ஷில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு வரை, இல்லையென்றால் சுமார் 5 மி.மீ. மட்டும் மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்ததும் மாற்றலாம். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், அதே மாடலுக்கான பிரஷ்ஷாகப் பார்த்து. மாற்றிய பின் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் பிரஷ்ஷின் முனை, அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்துவிடும்.

கீச்சென்ற சத்தம் வந்தால் பேரிங்; ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். கியர் தலை வழக்கத்தைவிடச் சூடேறினால் கிரீஸ் காய்ந்திருக்கலாம். இந்த இரண்டையும் முதன்முறை நீங்களே பிரித்துப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்து, அவர் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டிஸ்க்குகளை உலர்ந்த இடத்தில் படுக்கையாக அடுக்கி வையுங்கள். மெஷினைப் பெட்டியில் வைக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.