கேபின் பணியாளரிடம் புதிய பயணிகள் செய்யும் தவறுகள்

க்ரூஸ் கப்பலில் முதல்முறை ஏறுகிறவர்களுக்கு, அறையைக் கவனித்துக்கொள்ளும் பணியாளரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரும்பாலோர் அன்பாகவே பழகுகிறார்கள். ஆனால் அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாததால், நல்ல எண்ணத்தோடேயே அவருக்கும் தங்களுக்கும் சிக்கலை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் புதியவர்கள் இதே தவறுகளில்தான் விழுகிறார்கள்.

தேவைகளைத் தவணை தவணையாகக் கேட்பது

ஒரு பணியாளரின் பொறுப்பில் பதினைந்து, இருபது அறைகள் இருப்பது சாதாரணம். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வருகிறார்கள். வார விடுமுறை என்று ஒன்று இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006-இன்படி எந்த 24 மணி நேரத்திலும் அவருக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கிடைக்க வேண்டும். அதை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு பகுதி குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும். மதியத்தில் நடைவழியில் அவரைக் காணவில்லை என்றால், பெரும்பாலும் அந்த இன்னொரு பகுதி ஓய்வில் இருக்கிறார். அப்போது தேடிப் போக வேண்டாம். அறையிலுள்ள தொலைபேசியில் சொன்னால் பணியில் இருக்கும் வேறொருவர் வருவார்.

அதனால் முதல் நாள் அவர் அறிமுகம் செய்துகொள்ள வரும்போதே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். இரட்டைக் கட்டிலைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமா, சேர்க்க வேண்டுமா? அதற்கு விரிப்பு முழுவதையும் எடுத்து, பக்கத்து மேசையையும் நகர்த்த வேண்டும்; இரவு பத்து மணிக்குக் கேட்கிற வேலை இல்லை அது. இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜில் இடம் வேண்டுமென்றால் மினிபார் புட்டிகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதற்கான தடித்த பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கூடையில் போட்டால், பையை அழுத்திக் கட்டும்போது அது அவர் கையில் ஏறும். கூடுதல் தலையணை, ஹேங்கர், குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் ஆகியவற்றையும் அப்போதே கேளுங்கள். மெத்தை மேல்விரிப்பு போன்றவை கப்பலில் எண்ணிக்கையாகத்தான் இருக்கும், முன்னால் கேட்டவருக்கே கிடைக்கும்.

பல நிறுவனங்கள் இப்போது ஒரு நாளைக்கு ஒரு முறைதான் அறையைச் சுத்தம் செய்கின்றன. காலையா மாலையா என்பதையும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

மேல்படுக்கையை நீங்களே இறக்குவது

வேண்டாம். அதற்குப் பூட்டு உண்டு, அவர்தான் இறக்குவார்.

வாந்தியைத் துடைத்து மறைப்பது

இந்தப் பட்டியலில் உண்மையிலேயே கோபம் வரவைப்பது இதுதான். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் அல்ல என்பதால் வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

வழக்கமாக நடப்பது இப்படி. இரவில் குழந்தை கம்பளத்தில் வாந்தி எடுக்கிறது. பெற்றோருக்குக் கூச்சம், ‘பாவம், அந்தப் பையன் இதையெல்லாம் ஏன் அள்ள வேண்டும்’ என்ற இரக்கம், அறையில் அடைத்துவிடுவார்களோ என்ற பயம், மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. குளியல் துண்டால் துடைத்து, தண்ணீரில் அலசி, மற்ற ஈரத் துண்டுகளுக்கு நடுவே செருகிவைக்கிறார்கள். காலையில் பணியாளர் வருகிறார். அந்தக் குவியலை இரு கையாலும் அணைத்து எடுத்து வண்டியில் போடுகிறார். அதே வண்டியோடு அடுத்த அறைக்குப் போகிறார், அதற்கடுத்த அறைக்கும் போகிறார்.

அது நோரோவைரஸாக இருந்தால் விளைவு மோசம். மிகச் சில வைரஸ் துகள்களே ஒருவரை நோயாளியாக்கப் போதும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். கதவுப் பிடி, ரிமோட், குழாய்த் திருகு போன்ற பரப்புகளில் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அறை வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் சானிடைசர் இதற்கெதிராகச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். பணியாளர் தினமும் பயன்படுத்தும் சாதாரண துப்புரவுத் திரவமும் போதாது. இதற்கென்று குளோரின் சார்ந்த அல்லது வேறு வலிமையான கிருமிநாசினி, கையுறை, முகக்கவசம், மேலங்கி, தனிப் பை எல்லாம் கப்பலில் தயாராக இருக்கின்றன. பயிற்சி பெற்ற குழுவும் இருக்கிறது. நீங்கள் மறைத்தால் இவை எதுவும் அந்த அறைக்கு வராது. வெறும் துண்டோடு அவர் தனியாக மாட்டிக்கொள்கிறார்.

நோய் அவருக்கு ஒட்டினால் அவரையும் வேலையிலிருந்து விலக்கித் தனிமைப்படுத்துவார்கள். அவருடைய அறைகள் சக பணியாளர்கள் தலையில் விழும். பரவல் கூடினால் பஃபேயில் பயணிகள் தாங்களே எடுத்துக்கொள்வது நிறுத்தப்படும், பணியாளர்களே பரிமாறுவார்கள். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்காணிக்கிறது. பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 சதவீதம் பேர் இந்த அறிகுறிகளோடு மருத்துவப் பிரிவில் பதிவானால் அது பொதுமக்களுக்கு அறிவிக்கப்படும். மறைத்த குடும்பத்திலும் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் படுப்பார்கள். ஒருவரோடு முடிந்திருக்க வேண்டிய தனிமை, ஆள் மாற்றி ஆள் என்று பயணத்தையே தின்றுவிடும்.

‘கப்பல் ஆட்டத்தில் வரும் குமட்டல்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கடல் ஆட்டம் வாந்தியைத் தரும், பேதியைத் தராது. வாந்தியோடு வயிற்று வலியோ காய்ச்சலோ இருந்தாலும், 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனாலும் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கொட்டியதைத் தொடாமல் விலகி நில்லுங்கள். கழிப்பறையில் போயிருந்தால் மூடியை மூடிவிட்டு ஃபிளஷ் செய்யுங்கள். சோப்பால் கையை 20 வினாடி கழுவுங்கள். மருத்துவப் பிரிவுக்கு நடந்து போகாமல் அறையிலிருந்தே தொலைபேசியில் சொல்லுங்கள். பிறகு ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அட்டையை வெளியே மாட்டுங்கள்; விஷயம் தெரியாமல் பணியாளர் உள்ளே வந்துவிடக் கூடாது. அவர் வழியில் எதிர்ப்பட்டால் கொஞ்சம் தள்ளி நின்று, “உள்ளே ஒருவருக்கு வாந்தி, மருத்துவப் பிரிவுக்குச் சொல்லியிருக்கிறோம்” என்று மட்டும் சொல்லுங்கள். சாப்பாடு அறைக்கே வரும். அறிகுறி நின்றபின் குறைந்தது 24 மணி நேரம் வெளியே வராமல் இருக்கச் சொல்வார்கள். ஒரு துறைமுகம் கைவிட்டுப் போகலாம், அந்த ஏமாற்றம் நிஜம்தான். அதற்காக இன்னொருவரின் உடம்பைப் பணயம் வைக்கக் கூடாது.

கழிப்பறையில் ஈரத்தாள் (வெட் வைப்ஸ்) போடுவது

வெற்றிடத்தால் உறிஞ்சும் கழிப்பறை அது. உங்கள் அறையில் போட்டது வரிசையாகப் பல அறைகளை முடக்கும்.

ஒளித்து வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

மின்னெழுச்சித் தடுப்பு (சர்ஜ் ப்ரொடெக்டர்) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் ஆகியவற்றைப் பெரும்பாலான கப்பல்கள் தடை செய்திருக்கின்றன. நடுக்கடலில் தீ என்றால் ஓடிப்போக இடம் கிடையாது. கண்ணில் பட்டால் பணியாளர் புகார் செய்தே ஆக வேண்டும். “சொல்லிவிடாதே” என்று அவரிடம் கெஞ்சுவது அவருடைய வேலைக்கு உலை வைக்கிற காரியம். சுவாசக் கருவிக்கு நீள வயர் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொன்னால் கப்பலே தரும்.

தானாகப் பிடிக்கும் டிப்ஸை நீக்கிவிட்டுக் கையில் கொடுப்பது

அமெரிக்கப் பெரிய நிறுவனங்களில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் டிப்ஸ் உங்கள் கப்பல் கணக்கில் தானாகவே ஏறும். அது உங்கள் அறைப் பணியாளருக்கு மட்டும் போவதில்லை. உதவியாளர், உணவுக்கூடத்தில் பரிமாறுபவர்கள், பல கப்பல்களில் நீங்கள் பார்க்கவே பார்க்காத சலவைக்கூட ஆட்கள் என்று பிரிகிறது. அதை நீக்கச் சொல்லிவிட்டு, ‘நேரடியாக அவருக்கே கொடுக்கிறேன்’ என்று நினைப்பவர்கள் உண்டு. சில நிறுவனங்களில், நீக்கிய பயணி கொடுத்த பணத்தைப் பணியாளர் பொதுத் தொகையில் சேர்த்துவிட வேண்டும். கொடுத்தவருக்குத் திருப்தி, வாங்கியவர் கையில் ஒன்றுமில்லை.

அந்தத் தொகையை அப்படியே விட்டுவிட்டு, மேற்கொண்டு கொடுக்க விரும்பினால் கையில் கொடுங்கள். மேசையில் வெறுமனே வைத்தால் எடுக்க மாட்டார், அது உங்களுடையது என்றே விட்டுவைப்பார். உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கட்டணத்திலேயே டிப்ஸை அடக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, டிக்கெட் விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள்வரை வாய் திறக்காமல் இருப்பது

ஏ.சி. குளிரவில்லை, குளியலறை வடிகால் அடைக்கிறது என்பதை ஐந்து நாள் பொறுத்துக்கொண்டு, பயணம் முடிந்ததும் வரும் கருத்துக்கணிப்பில் அறைப் பணியாளருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். குழாயைச் சரிசெய்பவர் அவர் இல்லை. பழுதைப் பதிவுசெய்து ஆளை வரவழைப்பவர். இரண்டாம் நாள் சொல்லியிருந்தால் அன்றே ஆள் வந்திருப்பார். பல நிறுவனங்களில் அந்த மதிப்பெண்தான் அவருடைய அடுத்த ஒப்பந்தத்தையும் பதவி உயர்வையும் பாதிக்கிறது. பால்கனிக் கதவு திறந்திருந்தால் பல கப்பல்களில் ஏ.சி. தானாக நின்றுவிடும் என்பதையும் புகார் சொல்லும் முன் பாருங்கள்.

இறங்கும் காலையில் அறையிலேயே உட்கார்ந்திருப்பது

அன்று அவருக்கு வாரத்திலேயே கடினமான நாள். காலை எட்டு, எட்டரைக்கு நீங்கள் கிளம்பினால், மதியம் அடுத்த பயணிகள் வருவதற்குள் எல்லா அறையையும் விரிப்பு மாற்றி, கழுவி முடிக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு வெளியேறிவிடுங்கள். இறங்க அழைக்கும்வரை பொது இடங்களில் உட்காரலாம். லாக்கர் கதவைத் திறந்தே விட்டால் காலியாக இருப்பது அவருக்கு உடனே தெரியும். போர்வையை ஒருமுறை உதறிப் பாருங்கள், வெள்ளை விரிப்புக்குள் வெள்ளை சார்ஜர் வயர் சுருண்டு கிடந்தால் அது நேராகச் சலவைக்குப் போய்விடும்.